சாயவேரும் சீத்தையும்

வரலாற்று நூல்களில் மன்னரின் முடிசூட்டு விழாக்களுக்கும் படையெடுப்புகளுக்கும் உடன்படிக்கைகளுக்கும் பெரியதோர் இடம் உண்டு. ஓர் இல்லத்தரசி தன் படுக்கையறைக்கு எத்தகைய திரையைத் தொங்கவிட்டாள், அலுவல் முடிந்து வீடு திரும்பிய ஒருவர் எத்தகைய அங்கியை அணிந்து இளைப்பாறினார், மாலையில் வெளியே சென்று எங்கே அமர்ந்து எதனைப் பருகினார் என்பனவற்றுக்கு அந்நூல்களில் இடம் அரிது. உடுத்தலும் உண்ணலும் இல்லத்தை அழகுசெய்தலும் நாள்தோறும் நிகழ்பவை. ஆதலின் அவை எழுதத்தக்கன அல்ல எனக் கருதப்பட்டன போலும். ஆயினும் இவ்வன்றாட மகிழ்ச்சிகளுள் ஒன்று, ஐரோப்பாவின் இரு பெரும் அரசுகளை அச்சங்கொள்ளச் செய்து, சட்டத்தின்மேற் சட்டம் இயற்ற வைத்தது. இலண்டன் மாநகரின் தெருக்களிற் கலகத்தை மூட்டியது. உலகின் கைத்தொழில் முறையே மாறுவதற்குக் காரணமானவற்றுள் ஒன்றாயிற்று. அம்மகிழ்ச்சியைத் தந்தது பூத்தீட்டிய பருத்தித் துணி. அத்துணியிற் பொலிந்த சிவப்பு நிறத்தின் வேர்களுள் ஒன்று, உவமையாக அன்றி உண்மையாகவே, மன்னார்க் கரையின் மணலுக்குள் இருந்தது.

இலங்கைத் தமிழர் பூப்போட்ட பருத்தித் துணியைச் சீத்தை என்பர். தமிழகத்தில் அது சீட்டி எனப்படும். சிங்கள மொழியிலும் இச்சொல் சிறிது திரிந்து வழங்குகின்றது. புள்ளியிட்டது, தெளித்தது என்னும் பொருளுடைய வடநாட்டுச் சொல்லின் வழிவந்தது இது. அச்சொல்லே ஒல்லாந்தர் வாயிற் ‘சிட்ஸ்’ என்றும், ஆங்கிலேயர் வாயிற் ‘சின்ட்ஸ்’ என்றும் உருமாறியது. போர்த்துக்கேயர் ‘பிந்தாடு’ என்றனர். தீட்டப்பெற்றது என்பது அதன் பொருள். பிரான்சு நாட்டார் துணி பிறந்த நாட்டின் பெயரையே அதற்கு இட்டு ‘அந்தியென்’ என்றனர். சாதாரண பருத்தித் துணிக்கு ஆங்கிலேயர் வழங்கிய ‘கலிக்கோ’ என்னும் பெயரோ கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தின் நினைவாகும். ஒரு பண்டத்துக்கு இத்தனை மொழிகளில் இத்தனை பெயர்கள் வழங்கின என்றால், அஃது எத்தனை வீடுகளுக்குட் புகுந்திருக்கும் என்பதை ஊகித்தறிவது எளிது.

அவ்வாறு புகுந்த வீடுகளுள் ஒன்றைப் பற்றித் தெளிவான சான்று உண்டு. இலண்டனிற் கடற்படை அலுவலகத்திற் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பார் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். 1663 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள், தம் மனைவியின் புதிய அறையின் சுவர்களுக்கு அணிசெய்வதற்காகத் தீட்டப்பெற்ற இந்தியத் துணியொன்றை வாங்கியதாகவும், அது மிக அழகியதென்றும் அவர் குறித்துள்ளார். 1666 இல் தம் உருவப்படத்தை வரைவித்தபொழுது, இந்திய அங்கி எனப்பட்ட தளர்ந்த மேலாடையொன்றை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டார். அப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சிச்சாலையில் உள்ளது. பிற்காலத்தார் தம்மை அவ்வுடையிலேயே காணவேண்டும் என அவர் விரும்பினார். ஓர் உடையின் மதிப்பை அறிய இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

புதிய சுவைகளும் புதிய பழக்கங்களும் அக்காலத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்தன. 1652 இல் பாஸ்குவா ரோசே என்பவர் இலண்டனிற் கோப்பிக்கடை ஒன்றைத் திறந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் அத்தகைய கடைகள் நகரெங்கும் பெருகின. வீட்டுக்கு வெளியே சென்று, அறிந்தாரோடும் அறியாதாரோடும் ஒரே மேசையில் அமர்ந்து, சூடான பானம் பருகி, ஊர்ச் செய்தி பேசுதல் ஒரு புதிய இன்பமாயிற்று. பீப்ஸ் தமது வாழ்விலே முதன்முறையாகத் தேநீர் பருகியது 1660 ஆம் ஆண்டு செப்டெம்பரில். அதனையும் அவர் குறித்து வைத்துள்ளார். கோப்பி அரேபியாவிலிருந்தும், தேயிலையும் பீங்கானும் சீனத்திலிருந்தும், சீத்தை இந்தியக் கரைகளிலிருந்தும் வந்தன. கீழைத்தேயக் கப்பல்களின் வருகை ஐரோப்பியரின் நாக்கையும் கண்ணையும் ஒருங்கே பழக்கிற்று எனலாம்.

சீத்தையின் கவர்ச்சிக்குக் காரணம் புதுமை ஒன்று மாத்திரமன்று. அதுவரை ஐரோப்பிய மக்கள் உடுத்தவை கம்பளியும் சணலாடையும் பட்டுமே. கம்பளி கனமானது, அடிக்கடி துவைக்க இயலாதது. பட்டு செல்வர்க்கே உரியது. சணலாடை துவைக்கத்தக்கது, ஆனால் அதில் நல்ல நிறம் எளிதிற் பற்றாது. பருத்தியில் நிலையான நிறம் ஏற்றும் கலையை ஐரோப்பியச் சாயக்காரர் அறிந்திலர். அவர்கள் துணிமேற் பூசிய வண்ணம் முதற் சலவையிலேயே கரைந்துபோயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணியோ உடலுக்கு இலேசாயிருந்தது. விலையிற் பட்டினும் குறைந்தது. பன்முறை துவைத்த பின்னரும் அதன் சிவப்பும் நீலமும் மங்கவில்லை. அழகிய உடையைத் துவைத்துத் துவைத்து அணியலாம் என்பது அன்றைய ஐரோப்பியப் பெண்ணுக்குப் பெரியதொரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்நிறத்தின் மறைபொருள் யாது? சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினம், பாலக்கொல்லு, பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய ஊர்களையும் அவற்றை அடுத்த சிற்றூர்களையும் சார்ந்து வாழ்ந்த சாயக்காரர் அதனை அறிந்திருந்தனர். முதலில் வெண்துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தை ஏற்கத் துணியைப் பதப்படுத்தும்; பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் நூலிழை வழியே கசிந்து பரவாதவாறு தடுக்கும். பின்னர்த் துணியை மரக்கட்டைகளால் அடித்து மழமழப்பாக்குவர். ஊசியாற் புள்ளிபுள்ளியாகத் துளைத்த காகிதத்தை அதன்மேல் வைத்துக் கரித்தூளைத் தூவினால், சித்திரத்தின் கோடுகள் துணியிற் பதியும். மூங்கிலாற் செய்த எழுதுகோலின் நடுவே மயிரோ கம்பளியோ சுற்றிய சிறு பந்து இருக்கும். விரலால் அதனை அமுக்கும் அளவுக்கேற்ப நீர் நுனிக்கு இறங்கும்.

இவ்வாறு தீட்டப்படும் நீர் பெரும்பாலும் சாயம் அன்று என்பதே இக்கலையின் நுட்பம். கறுப்பு வர வேண்டிய கோடுகளில், இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்துப் பெற்ற கருநீரைத் தீட்டுவர். சிவப்பு வர வேண்டிய இடங்களிற் படிகார நீரைத் தீட்டுவர். படிகார நீருக்குத் தனக்கென நிறமில்லை. பின்பு துணியைச் சாயவேர் இட்ட கொப்பரையிற் காய்ச்சும்பொழுது, படிகாரம் பட்ட இடம் மாத்திரம் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்றை இடங்களில் ஒட்டிய செந்நிறம், சாணநீரில் நனைத்து வெயிலில் விரிக்க விரிக்க வெளுத்துப்போகும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டிய இடத்தை மாத்திரம் விட்டு, ஏனைய இடமெல்லாம் உருகிய மெழுகால் மூடித் துணியை அவுரிச்சாயத்தில் அமிழ்த்துவர். பின்னர்க் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். மஞ்சளை இறுதியிற் கையாலே தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்த இடம் பச்சையாகும். ஒரு துணி முற்றுப்பெற வாரங்கள் பல செல்லும். 1693 இல் நூல் வெளியிட்ட டானியேல் ஆவர்ட் என்னும் ஒல்லாந்தர், பாலக்கொல்லுச் சாயக்காரரின் வேலை நத்தை ஊர்வது போன்றது என்றும், பொறுமை என்பதற்கு உருவம் எழுத விரும்புபவன் அச்சாயக்காரனையே எழுதலாம் என்றும் கூறினார்.

சிவப்பைத் தந்த சாயவேர், இம்பூறல் என்றும் பெயர்பெற்ற சிறு பூண்டின் வேராகும். மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் தரையோடு படர்ந்து வளரும் அப்பூண்டின் செடி பார்வைக்கு எளியது. அதன் உயிர்ப்பெல்லாம் மண்ணுக்குள் நீண்டு இறங்கும் மெல்லிய வேரிலேயே உள்ளது. கிளிஞ்சற் சுண்ணாம்பு கலந்த மண்ணில் விளைந்த வேர் மிகச் சிறந்த சிவப்பைத் தரும் எனச் சாயக்காரர் மதித்தனர். கிருட்டிணை ஆற்றின் கழிமுகத்து மணல் அவ்வகையிற் புகழ்பெற்றது. மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் தானாகவே விளைந்த வேரும் மிகுந்த கிராக்கி உடையதாயிருந்தது.

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, முத்தையும் யானையையும் போலச் சாயவேரையும் தன் வருமானத்துக்குரிய பொருளாகக் கொண்டது. வேர் தோண்டுதல் ஒரு பிரிவினர்க்கு விதிக்கப்பட்ட குலத்தொழிலாக இருந்தது. ‘வேர்குத்திகள்’ என்பது அவர்க்கு வழங்கிய பெயர். அவர்கள் தோண்டிய வேரைக் கம்பனி குறித்த விலைக்குக் கம்பனியிடமே ஒப்புவித்தல் வேண்டும். வெயிலிற் குனிந்திருந்து, வேர் அறுந்துபோகாதவாறு மணலைக் கிளறி, ஒன்றொன்றாக எடுத்துச் சிறு கட்டுகளாகக் கட்டும் வேலை அது. அக்கட்டுகள் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்குச் சென்றன. ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலேயே துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்த ஒல்லாந்த அதிகாரிகள் தமக்குப் பின் பதவியேற்போர்க்கு எழுதி வைத்த குறிப்புகளில் வேரின் அளவும் விலையும் பேசப்படுகின்றன. வேரைத் தோண்டியவர் எவருடைய பெயரும் பேசப்படவில்லை.

வணிகர் முதலில் இத்துணியை ஐரோப்பாவுக்கென வாங்கினாரல்லர். கராம்பும் சாதிக்காயும் விளையும் கீழைத்தீவுகளின் மக்கள் வெள்ளிப் பணத்தினும் சோழமண்டலத் துணியையே பெரிதும் விரும்பினர். ஆதலின் துணியைக் கொடுத்து வாசனைத் திரவியங்களை வாங்குவதற்காகவே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அக்கரையிற் பண்டகசாலைகளை அமைத்தனர். சிறு அளவில் ஐரோப்பாவுக்குச் சென்ற துணிகள் நல்ல விலைக்குப் போனதைக் கண்ட பின்னரே அவர்கள் விழித்துக்கொண்டனர். 1643 இல் ஆங்கிலக் கம்பனியின் இலண்டன் தலைவர்கள் இந்தியாவிலுள்ள தம் அலுவலர்க்கு எழுதிய கடிதம் ஒன்று இதற்குச் சான்று. சிவந்த நிலத்தையுடைய துணிகளை இலண்டன் மக்கள் அத்துணை விரும்பவில்லை. ஆதலின் வெண்ணிலத்தில் நடுவே கொடியும் பூவும் அமையத் தீட்டி அனுப்புமாறு அவர்கள் கேட்டனர். பின்னர், எழுதிய மாதிரிச் சித்திரங்களையே அனுப்பத் தொடங்கினர். சோழமண்டலத்துச் சித்திரகாரர் தாம் என்றும் காணாத ஆங்கிலப் பூக்களையும், சீனப் பாறைகளையும், பாரசீகக் கொடிகளையும் ஒருங்கே இணைத்துத் தம் கற்பனையால் ஒரு மரமாக்கினர். அம்மரத்தையே இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்தோர் இந்தியாவின் தூய கலை என எண்ணித் தம் கட்டில்களுக்கு விரித்து மகிழ்ந்தனர்.

1684 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பனி மாத்திரம் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற ஆசியத் துணிகளின் தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அவற்றுட் பெரும்பாலானவை பருத்தித் துணிகளே. திரைச்சீலையாக, மேசைவிரிப்பாக, நாற்காலியுறையாக, கட்டில் விதானமாக வீட்டுக்குள் நுழைந்த துணி, விரைவில் மனிதர் உடலிலும் ஏறியது. ஆண்கள் வீட்டிலிருக்கும்பொழுது பொய்மயிரையும் இறுகிய மேற்சட்டையையும் கழற்றிவிட்டு, ‘பன்யன்’ எனப்பட்ட நீண்ட அங்கியை அணிந்தனர். இந்திய வணிகரைக் குறித்த வாணியன் என்னும் பெயரே அங்கிக்கு ஆகிவந்தது. இன்று உள்ளுடுப்புக்கு வழங்கும் பனியன் என்னும் சொல்லும் அதன் உறவே. 1708 இல் டானியேல் டீபோ என்னும் எழுத்தாளர் இந்நிலையைச் சினத்தோடு எடுத்துரைத்தார். முன்னாளில் வேலைக்காரியும் உடுத்தத் தயங்கியிருக்கும் துணி, தரைவிரிப்பிலிருந்து சீமாட்டியரின் முதுகுக்கு ஏறி, ஈற்றில் அரசியையும் பற்றிக்கொண்டது என்பது அவர் கூற்றின் கருத்து.

டீபோவின் சினத்தில் இரு வேறு அச்சங்கள் கலந்திருந்தன. ஒன்று, கம்பளியும் பட்டும் நெய்வோரின் பிழைப்புக் கெடும் என்பது. மற்றையது, யார் சீமாட்டி, யார் பணிப்பெண் என்பதை உடையைக் கொண்டு அறிய முடியாது போகும் என்பது. செல்வர் வீட்டுப் பெண் உடுத்த பூத்துணியைப்போன்ற மலிவான ஒன்றைப் பணிப்பெண்ணும் வாங்கி உடுத்தலாம் என்ற நிலை, ஆடையாற் படிநிலை காட்டிவந்த சமூகத்தை உறுத்திற்று. துணி வணிகத்தைப் பற்றிய வாதம் என வெளியே தோன்றியது, உள்ளே யாருக்கு எவ்வளவு மகிழ்ச்சி உரியது என்னும் வாதமாகவும் இருந்தது.

முதலிற் சட்டம் செய்தது பிரான்சு. 1686 ஆம் ஆண்டு ஒக்டோபரில், பதினான்காம் உலூயி மன்னனின் அரசு இந்தியப் பூத்துணிகளின் இறக்குமதியைத் தடுத்ததோடு, நாட்டினுள்ளே துணியிற் பூவச்சிடும் தொழிலையும் தடைசெய்தது. அச்சுக்கட்டைகளையும் உடைக்கப் பணித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவ்வரசு புரட்டஸ்தாந்தர்க்கு இருந்த சமயவுரிமையை நீக்கியிருந்தது. அவர்களுட் பலர் துணித்தொழில் வல்லுநர். சுவிற்சர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் செருமனிக்கும் ஓடித் தாம் அறிந்த தொழிலையும் உடன் கொண்டுசென்றனர். பிரான்சிலோ தடை 1759 வரை, எழுபதாண்டுக்கு மேல் நீடித்தது. ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. தெருவிற் பூத்துணி உடுத்துச் சென்ற பெண்கள் தண்டனைக்கு உள்ளாயினர். ஆயினும் கள்ளக்கடத்தல் நின்றபாடில்லை. மன்னன் பதினைந்தாம் உலூயியின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டியின் பெல்வியூ மாளிகையிலேயே தடைசெய்யப்பட்ட துணிகள் அணிசெய்தன என அக்காலத்தவர் எழுதினர். எளிய பெண்ணின் உடைக்குத் தண்டமும், அரண்மனைச் சீமாட்டியின் திரைக்குப் பாராமுகமும் என அச்சட்டம் இரு முகம் காட்டிற்று.

இங்கிலாந்தில் நெசவாளரே கிளர்ந்தெழுந்தனர். 1697 இல் அவர்கள் இலண்டனிலுள்ள கம்பனி மாளிகையைத் தாக்கினர். 1700 இல் இயற்றப்பட்ட சட்டம் இந்திய, பாரசீக, சீனப் பூத்துணிகளை உடுத்தலைத் தடைசெய்தது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு வாயில் திறந்திருந்தது. வெறும் வெண்துணியைக் கொண்டுவரத் தடையில்லை. இலண்டனை அடுத்த ஆற்றோரங்களிற் பூவச்சிடும் பட்டறைகள் பல எழுந்து, இந்திய வெண்துணியில் ஆங்கிலக் கைகளாற் பூவச்சிட்டன. நெசவாளருக்கோ பூ எங்கே பதிக்கப்பட்டது என்பது பொருளன்று. தம் தறி ஓய்ந்ததே அவர்க்குத் தெரிந்தது.

1719 ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர் தெருவில் இறங்கினர். சீத்தை உடுத்த பெண்களைத் துரத்திச் சென்று அவர்தம் ஆடையைக் கிழித்தனர். மையையும் எரிநீரையும் வீசினர். அவர்களுடைய பசி உண்மையானது, வேலையின்மை கற்பனையன்று. ஆனால் அப்பசியின் சினம் யார்மேல் இறங்கியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலாபம் பெற்ற கம்பனிப் பங்காளர் தம் மாளிகைகளிற் காவலோடு இருந்தனர். தெருவில் தனியே நடந்துசென்ற ஒரு பெண், தன் சிறு சேமிப்பில் வாங்கிய ஓர் உடைக்காக அவமானப்பட்டாள். 1721 இற் பாராளுமன்றம் இரண்டாஞ் சட்டத்தை இயற்றியது. 1722 ஆம் ஆண்டு நத்தார் நாள் முதல், சிலவகை தவிர்ந்த பூவச்சுப் பருத்தித் துணிகளை உடுத்தலும், வீட்டிற் பயன்படுத்தலும் குற்றமாயின. உடுத்தவர்க்குத் தண்டம் 5 பவுன். விற்றவர்க்கு 20 பவுன்.

இவ்விரு நாடுகளுக்கும் அயலே இருந்த ஒல்லாந்து அத்தகைய தடை எதனையும் செய்யவில்லை. வணிகத்தால் வாழ்ந்த நாடு அது. அங்கே நகரத்துச் செல்வரேயன்றிக் கடற்கரை ஊர்களின் பெண்களும் சீத்தையை உடுத்தனர். பிரீசுலாந்துப் பகுதியிலுள்ள இண்டலோப்பென் என்னும் சிற்றூரிற் பெண்கள் அணிந்த நீண்ட சீத்தை மேலாடை, அவ்வூரின் மரபுடையாகவே ஆகிவிட்டது. மகிழ்ச்சி நாளுக்குச் சிவப்பும், துக்கத்துக்கு நீலமும் என நிறத்துக்கும் அங்கே முறை வகுத்தனர். வட கடலோரத்துக் கப்பற்காரர் மனைவியர் தம் திருநாட்களில் உடுத்த சிவப்பு, தென் கடலோரத்து மணலில் ஒருவர் குனிந்து தோண்டிய வேரின் நிறமாக இருந்திருத்தல் கூடும். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இடையிலிருந்த கணக்கேடு மாத்திரம் இருவரையும் அறிந்திருந்தது.

தடைச்சட்டம் மக்களின் விருப்பத்தை அழித்ததா? இல்லை என்பதற்கு 1775 இல் நிகழ்ந்த ஒன்றே போதிய சான்று. ஆங்கில நாடக மேடையிற் புகழின் உச்சியிலிருந்த நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து கட்டில் திரைச்சீலைகள் பரிசாக வந்தன. சோழமண்டலக் கரையிலே தீட்டப்பெற்ற சீத்தை அது. சுங்க அதிகாரிகள் அதனைப் பறிமுதல் செய்தனர். காரிக் உயர் அதிகாரிக்கு வேண்டுகோள் கடிதம் எழுதினார். ஈற்றில் அவை மீண்டன. அக்கட்டிலும் சீலைகளும் இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ளன. நாடறிந்த நடிகருக்கு அதிகாரியிடம் சொல்லெடுக்க வழியிருந்தது. பெயரறியாத பெண்களிடமிருந்து பறிக்கப்பட்ட துணிகளுக்காக எவர் கடிதம் எழுதினார்?

விருப்பம் அழியவில்லை, அது வேறு வழியை நாடியது. தடை நிலவிய காலத்திலேயே ஐரோப்பியர் சாயக்காரரின் மறைபொருளைத் தேடிச் சென்றனர். 1734 ஆம் ஆண்டளவிற் புதுச்சேரிக்கு வந்த போலியு என்னும் பிரான்சுக் கடற்படை அலுவலர், ஒரு துணி சாயமேறும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துக் குறிப்புகளோடு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1742 இற் கேர்தூ என்னும் யேசுசபைப் பாதிரியார், தம்மிடம் சமயம் தழுவிய சாயக்காரரிடம் கேட்டறிந்த முறைகளை விரிவான கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அக்கடிதம் அச்சாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கையாற் பிடித்துக் கற்பித்த கலை, இவ்வாறு யாரும் படிக்கத்தக்க ஏடாயிற்று. கற்பித்தவர் பெயர் அந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை.

1759 இற் பிரான்சின் தடை நீங்கியது. அடுத்த ஆண்டிலேயே ஓபர்காம்ப் என்னும் செருமானிய இளைஞர் வெர்சாய் அரண்மனைக்கு அருகேயுள்ள சூயி என்னும் ஊரிற் பூவச்சுத் தொழிற்சாலையை நிறுவினார். அவ்வூர்த் துணி உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தில், அயல்நாட்டுத் துணியை உள்ளே வரவிடாத சட்டத்தின் நிழலிலே உள்நாட்டுப் பருத்தித் தொழில் வளர்ந்தது. ஆர்க்ரீவ்ஸ், ஆர்க்ரைட், குரொம்டன் ஆகியோரின் நூற்கும் பொறிகள் 1764 ஆம் ஆண்டளவிலிருந்து 1779 வரை அடுத்தடுத்துத் தோன்றின. 1774 இல் முற்றும் பருத்தியால் இங்கிலாந்திலேயே நெய்த பூத்துணிக்கு இருந்த தடை நீக்கப்பட்டது. 1783 இல் தோமஸ் பெல் என்பார் உருளைகளால் விரைந்து பூவச்சிடும் பொறிக்கு உரிமை பெற்றார். சோழமண்டலத்திலே வாரக்கணக்கிற் கையால் நிகழ்ந்த வேலையைப் பொறி நிமிடக்கணக்கில் முடித்தது. தொழிற்புரட்சிக்குக் காரணங்கள் பல. சீத்தை ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் பூத்துணிமேற் பொதுமக்கள் கொண்ட தணியாத விருப்பம் அதனை முன்தள்ளிய விசைகளுள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சக்கரம் முழுவதும் திரும்பியது. மான்செஸ்டரில் அச்சிட்ட சீத்தை இந்தியச் சந்தைகளுக்கும் இலங்கைச் சந்தைகளுக்கும் வந்து குவிந்தது. சீத்தை பிறந்த கரையிலேயே அதன் பெயரை அயல்நாட்டுத் துணி தாங்கி நின்றது. 1796 இல் இலங்கைக் கரையோரத்தைப் பெற்ற ஆங்கிலேயரும் தொடக்கத்திற் சாயவேரால் வருமானம் பெற்றனர். ஆனால் வேரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1868 இற் செருமானிய வேதியியலறிஞர் கிரேபேயும் லீபர்மானும், வேர்ச்சிவப்பின் உயிர்ப்பொருளான அலிசாரினை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டில் அதனைப் பேரளவில் ஆக்கும் முறையும் கண்டறியப்பட்டது. மன்னார் மணலிற் பூண்டு மாத்திரம் எஞ்சியது. அதனைத் தேடி வருவார் குன்றினர்.

கலை முற்றாக மறைந்துவிடவில்லை. காளத்தியிலும் மசூலிப்பட்டினத்திலும் கலங்காரி என்னும் பெயரில் அது தொடர்கின்றது. தஞ்சைப் பகுதியிற் கோவில்களுக்கு வேண்டிய தொம்பைகளையும் விதானங்களையும் தீட்டும் குடும்பங்கள் உள்ளன. பழைய சீத்தைகளோ இலண்டன், பாரிசு, முல்லூசு முதலிய நகர்களின் காட்சிச்சாலைகளிற் கண்ணாடிக்குள் விரிக்கப்பட்டுள்ளன. முந்நூறு ஆண்டுகளின் பின்னும் அவற்றின் சிவப்பு மங்கவில்லை எனக் கண்டோர் வியப்பர்.

உடையிலும் வீட்டலங்காரத்திலும் மனிதர் காணும் மகிழ்ச்சியை அற்பம் என்று தள்ளியோரும், ஆபத்து என்று தடுத்தோரும் அம்மகிழ்ச்சியை வெல்லவில்லை. ஒரு நல்ல திரைச்சீலையையும் துவைத்தால் மங்காத ஓர் உடையையும் விரும்புதல் குற்றமன்று; அது மனித இயல்பு. குற்றம் வேறிடத்தில் இருந்தது. உடுத்தவள் தண்டம் செலுத்தினாள். நெய்தவன் தறியை இழந்தான். தீட்டியவன் கலையை இழந்தான். வேர் தோண்டியவன் கேட்டதையன்றிக் கொடுத்ததையே பெற்றான். இவர்கள் நால்வருக்கும் இடையே துணியைக் கைமாற்றியவர் மாத்திரம் இழப்பின்றி இருந்தனர். ஒரு துணியின் அழகைக் கண்டு மகிழும் கண், அதன் நிறம் எந்த மண்ணிலிருந்து எவர் கையால் வந்தது என்றும் ஒருமுறை கேட்குமாயின், மன்னார் மணலிற் குனிந்திருந்த அம்மனிதருக்கும் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்ததாகும்.